எட்டாவது கடல்முயல்

"திருட்டுப் போனது என்ன?" என்று கேட்டார் அண்ணி.

"பாக்கத் தண்ணி மாதிரி இருக்கும்," என்றார் டாக்டர்.

"எவ்வளவு?"

"கால் ஸ்பூன்."

நான் குறிப்பேட்டை மூடினேன். "மேடம், எங்க வீட்டுக் குழாயில தினமும் அதைவிட அதிகமாவே ஒழுகுது. நாங்க யார் மேலயும் புகார் குடுக்கலை."

அண்ணி திரும்பி என்னைப் பார்த்தார். குறிப்பேட்டை மறுபடியும் திறந்துகொண்டேன்.

அண்ணி என்றால் என் அண்ணன் மனைவி. பதினேழு வருடம் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் உட்கார்ந்து, எரியாத கடைக்கும் உடையாத காலுக்கும் இழப்பீடு கேட்டு வந்தவர்களைப் பார்த்த மாத்திரத்தில் திருப்பி அனுப்பியவர். இப்போது அதே வேலையைச் சொந்தமாகச் செய்கிறார், துப்பறியும் நிறுவனம் என்ற பெயரில். நான் அவருடைய உதவியாளன். மூன்று வேலைகளில் வாய்க்கொழுப்பால் சீட்டுக் கிழிந்தவன் என்பதால் குடும்பத்தில் எல்லோரும் கூடிப் பேசி என்னை அண்ணியிடம் தள்ளிவிட்டார்கள்.

எங்களை அழைத்தவர் கடலோர ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் வேலை பார்க்கும் பெண் விஞ்ஞானி. அங்கே எல்லோரும் அவரை முட்டை டாக்டர் என்றுதான் சொல்கிறார்கள். நாற்பது வயதிருக்கும். இரண்டு ஸ்வெட்டர், ஒன்றின் மேல் ஒன்றாக. கண்ணுக்குக் கீழே தூங்காத கருவளையம். எதிரே மேஜையில் விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாய், பனிக்கட்டியில் செருகி வைத்திருந்தது.

"கடல்முயல் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார்.

"கேள்விப்பட்டதுகூட இல்லை," என்றார் அண்ணி.

"ஓடு இல்லாத நத்தைன்னு வச்சுக்கங்க. ஒரு கைப்பிடி அளவு இருக்கும். தலையில ரெண்டு கொம்பு, முயல் காது மாதிரி. அதோட நரம்புல சில செல்லுங்க இருக்கு. வெறும் நரம்பு வேலை மட்டும் பாக்காது, சுரப்பி வேலையும் சேத்துப் பாக்கும். ஒரு பெப்டைடை ரத்தத்துல விடும்."

"பெப்டைடுன்னா?"

"புரதத்துல ஒரு சின்னத் துண்டு. மணி கோத்த மாதிரி இருக்கும். அது ரத்தத்துல கலந்ததும் கடல்முயல் நடக்கறதை நிறுத்தும், சாப்பிடறதை நிறுத்தும், தலையைத் தூக்கி ஆட்டும், அப்புறம் முட்டை போடும். நரம்பு குடுக்கற உத்தரவு அது. மீறவே முடியாது."

"எங்க வீட்டுல அண்ணி குரல் மாதிரி," என்றேன்.

"தம்பி."

"எழுதிட்டிருக்கேன் அண்ணி."

டாக்டர் குழாயைக் கையில் எடுத்தார். "குளிர் மாசத்துல இதுங்க முட்டை போடாது. ஆனா நான் புதுசா ஒரு பெப்டைடு கண்டுபிடிச்சேன். குளிர்லயும் வேலை செய்யும். எட்டு மாசம், நானூறு கடல்முயலை அறுத்திருக்கேன். அத்தனையும் சேத்துத்தான் இந்தக் கால் ஸ்பூன். ரெண்டு மாசம் முன்னாடி ஒரு தடவை போட்டுப் பாத்தேன், அரை மணி நேரத்துல முட்டை. ஆனா அதைப் பாத்த ஒரே ஆள் நான்தான். இன்னிக்கு சாயங்காலம் நாலு மணிக்கு மூணு பேர் கொண்ட குழு வருது. அவங்க கண்ணு முன்னாடி நடந்தா இந்த ஆராய்ச்சி தொடரும். இல்லன்னா தொட்டிங்களைக் காலி பண்ணிடுவாங்க. நான் ரெண்டு வருஷமா சொன்னதெல்லாம் பொய்னு ஆயிடும்."

"காலையில போட்டுப் பாத்தீங்களா?"

"எட்டு மணிக்கு. இப்போ மணி ரெண்டு. அது பாட்டுக்கு மேஞ்சுட்டிருக்கு."

அண்ணி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "மருந்தே சொத்தையா இருந்தா? திருட்டுன்னு எதை வச்சு சொல்றீங்க?"

டாக்டர் குழாயை எங்கள் பக்கம் நீட்டினார். மூடியிலிருந்து குழாய்வரை நீல மையில் ஒரு கோடு. ஆனால் மூடியில் இருந்த பாதிக் கோடு குழாயில் இருந்த பாதியோடு சேரவில்லை. ஒரு விரல் தள்ளி நின்றது.

"மூடினதும் நான் கோடு போடுவேன். நேத்துக் காலையில நேரா இருந்துச்சு. யாரோ திறந்து மூடியிருக்காங்க."

அண்ணி குழாயிலிருந்து ஒரு சொட்டை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் விட்டார். மேஜை விளக்கைத் திருப்பி, அதன் மேலே கவிழ்த்தார். இரண்டு நிமிடம். சொட்டு காய்ந்தது. தகட்டில் வெள்ளையாக ஒரு வட்டம்.

"உங்க சரக்குல உப்பு உண்டா?"

"துளிகூடக் கிடையாது."

"அப்போ இது கடல் தண்ணி," என்றார் அண்ணி. "பக்கத்துல எது இருந்துதோ அதை ஊத்தி நிரப்பியிருக்காங்க. இந்தக் குழாயை வைக்கற குளிர் அறைச் சாவி யார் யார்கிட்ட?"

"மூணு பேர்கிட்ட. நான். பக்கத்து அறையில நத்தைகளோட ஞாபகசக்தியைப் பத்தி ஆராய்ச்சி பண்றவர், நத்தை சார்னு சொல்லுவோம். அப்புறம் தொட்டி அக்கா. கடல்முயலையெல்லாம் வளக்கறவங்க."

"அந்த நத்தை சாருக்கு உங்க மேல கோபமா?"

"என் தொட்டிங்க காலியானா அவருக்குத்தான் கிடைக்கும்."

நான் எழுந்துவிட்டேன். "வழக்கு முடிஞ்சுது அண்ணி. காபி குடிச்சிட்டுக் கிளம்பலாம்."

* * *

நத்தை சார் வழுக்கைத் தலையர். எங்களைக் கண்டதும் அந்தக் குளிரிலும் அவருக்கு மூக்கில் வியர்த்தது. அவருடைய குளிர்சாதனப் பெட்டியின் கடைசித் தட்டில் பூட்டுப் போட்ட ஒரு தகரப் பெட்டி இருந்தது.

"இதுல என்ன சார்?" என்றேன்.

"அது… சொந்த விஷயம்."

"குளிர்ல வைக்கற அளவுக்குச் சொந்தமா?"

அண்ணி எதுவும் பேசவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் அப்படி உட்கார்ந்தால் எதிரில் இருப்பவர் தானாகவே பேச ஆரம்பித்துவிடுவார். காப்பீட்டில் பழகிய வித்தை அது. அரை நிமிடம்தான். நத்தை சார் கழுத்துச் சங்கிலியிலிருந்து சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்தார். உள்ளே பழுப்பு நிறத்தில் ஒரு புட்டி. மூடியைத் திறந்ததும் அறை முழுக்க மூலிகை வாசனை.

"முடி வளர்ற தைலம்," என்றார் தரையைப் பார்த்தபடி. "குளிர்ல வச்சாத்தான் வேலை செய்யுமாம். வீட்டுல வச்சா மச்சினன் கேலி பண்றான்."

நான் அவர் தலையைப் பார்த்தேன். ஏதோ சொல்ல வந்தேன். அண்ணியின் செருப்பு என் காலை மிதித்தது.

"எத்தனை மாசமா தேய்க்கறீங்க சார்?" என்று மட்டும் கேட்டேன்.

"ஒன்பது."

"டாக்டரோட சரக்கே தேவலை. அரை மணி நேரத்துல பலன் தெரியுது."

வெளியே வந்ததும் அண்ணி சொன்னார். "அவர் திருடலை. ஒரு எண்ணெய்ப் புட்டியை மறைக்கவே இந்தப் பாடு. ஆராய்ச்சியைத் திருடியிருந்தா நம்மளைப் பாத்ததுமே மயங்கி விழுந்திருப்பார்."

* * *

தொட்டி அறை நீளமாக, ஈரமாக இருந்தது. கதவுக்கு அருகே ஒன்று, நடுவில் ஒன்று, கோடியில் ஒன்று என்று மூன்று கண்ணாடித் தொட்டிகள். ஓரத்து மேஜையில் ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர், முழங்கை வரை ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு கடற்பாசியை நறுக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு இலையிலும் நடுத்தண்டைக் கிள்ளிக் கீழே வாளியில் போட்டார். மிச்சத்தைத் தட்டில் சிறு சிறு குவியலாக வைத்தார்.

"இவங்கதான் தொட்டி அக்கா," என்றார் டாக்டர்.

"எதுக்கு அக்கா தண்டைக் கிள்ளறீங்க?" என்று கேட்டார் அண்ணி.

"வாய்க்கு உறுத்தும்மா அதுங்களுக்கு. மத்தவங்க அப்படியே போட்டுடுவாங்க. எனக்கு மனசு வராது."

நான் முதல் தொட்டியில் கையை விட்டு ஒரு கடல்முயலைச் செல்லமாகத் தட்டினேன். அடுத்த நொடி தண்ணீர் ஊதாவாக மாறியது. என் சட்டைக் கையும்தான்.

"மையைக் கக்கிடுச்சா? பயந்துபோனா அப்படித்தான் செய்யும்," என்றார் தொட்டி அக்கா.

"நானும்தான் பயந்துட்டேன். நான் ஏதாவது கக்கினேனா?"

அண்ணி இதையெல்லாம் கவனிக்கவில்லை. ஒவ்வொரு தொட்டியாக எண்ணிக்கொண்டிருந்தார். "இதுல எட்டு. நடுவுல ஏழு. கோடியில எட்டு."

"நடுத்தொட்டியில ஒண்ணு நேத்து செத்துப்போச்சும்மா," என்றார் தொட்டி அக்கா தலை நிமிராமல்.

அண்ணி தலையசைத்தார். பிறகு முதல் தொட்டியின் முன்னே போய்க் குனிந்து நின்றார். அங்கேயே நின்றார். ஏதோ கிளி ஜன்னலில் உட்கார்ந்ததைப் பார்ப்பவர் மாதிரி.

"டாக்டர், இதுங்க எப்பவும் இப்படித்தான் ஒட்டிக்கிட்டு இருக்குமா?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். முதல் தொட்டியில் எட்டும் ஒரே மூலையில், தண்ணீர் விழும் குழாய்க்கு நேர் கீழே, பேருந்துக்குக் கூட்டம் நிற்பதுபோல் முண்டியடித்துக்கொண்டிருந்தன. நடுத்தொட்டியிலும் அதே கதை. ஆனால் கோடித் தொட்டியில் மட்டும் ஆளுக்கொரு பக்கமாகச் சிதறிக் கிடந்தன.

டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். "இல்லையே. தனித்தனியாத்தான் திரியும். காலையில இருந்த பதற்றத்துல நான் இதைக் கவனிக்கவே இல்லை."

"கோடித் தொட்டிக்கு மட்டும் என்ன வித்தியாசம்?"

"அதோட தண்ணி அதுக்குள்ளேயே சுத்தும். மத்த ரெண்டுக்கும் மாடித் தொட்டியிலேர்ந்து வருது."

"கடல்ல இதுங்க எப்போ கூட்டம் கூடும்?"

"ஏதாவது ஒண்ணு முட்டை போட்டா. முட்டைச் சரத்துலேர்ந்து இன்னொரு பெப்டைடு தண்ணியில கரையும். வாசனை மாதிரி. அதை மோப்பம் பிடிச்சு மத்ததெல்லாம் அந்தப் பக்கமா…"

டாக்டர் அப்படியே நிறுத்தினார். அவர் கண் மெல்லக் குழாயின் வாய்க்குப் போனது. குழாயைப் பிடித்துக்கொண்டே சுவர் ஏறியது. கூரையில் முட்டி நின்றது.

"பதினஞ்சு சாட்சிங்க," என்றார் அண்ணி. "காலையிலேர்ந்து ஒரே திசையைக் காட்டிட்டு நிக்குது. நாமதான் நத்தை சாரோட தலைக்கு எண்ணெய் தேய்ச்சுட்டிருந்தோம். வா தம்பி, மாடிக்கு."

* * *

படிக்கட்டின் வளைவில் பம்ப் ஓட்டுகிறவர் எதிரே வந்தார். கையில் சல்லடை. முகத்தில் எரிச்சல்.

"டாக்டரம்மா, நீங்களே கேளுங்க. யாரோ மேல உக்காந்து ஸ்வெட்டர் பின்றாங்க போல. காலையில தண்ணி சரியா இறங்கலையேன்னு பாத்தா, சல்லடை பூரா மஞ்சள் நூலு!"

"நூலைக் காட்டுங்க," என்றார் அண்ணி.

"தூக்கிப் போட்டுட்டேனே."

"யாருக்கு மேல வர சாவி இருக்கு?"

"மாடிக்குப் பூட்டே கிடையாதும்மா. யார் வருவா இந்தக் குளிர்ல?"

மாடியில் கடல்காற்று காதைக் கடித்தது. சிமென்ட்டால் கட்டிய பெரிய தொட்டி, மேலே மரப்பலகை மூடி. நானும் பம்ப்காரரும் பலகையை நகர்த்தினோம். உள்ளே தண்ணீரில் பாதி மூழ்கியபடி, நீலக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட ஒரு பிளாஸ்டிக் கூடை. கூடைக்குள்ளே ஒரு கடல்முயல். அதைச் சுற்றி, அதன் மேலே, கீழே, கூடையின் ஓட்டைகள் வழியாக வெளியேயும், சிக்கலாகிப்போன மஞ்சள் நூல் ஒரு கண்டுக்குக் குறையாமல்.

டாக்டர் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"முட்டை," என்றார். "அவ்வளவும் முட்டை. இந்தக் குளிர்ல! பெப்டைடு வேலை செய்யுது. வேலை செய்யுது!"

திருட்டுக் கொடுத்தவர் இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. "ஆனா அண்ணி," என்றேன், "இதை இங்கே வச்சது யாரு? நத்தை சார்தானே மறுபடியும்? மருந்து நிஜமா வேலை செய்யுதான்னு பாத்துட்டு, அப்புறம் தன் பேர்ல வெளியிட…"

"கூடைக்குள்ள இன்னொண்ணு கிடக்கு, பாரு."

பார்த்தேன். ஒரு துண்டு கடற்பாசி. பாதி தின்று மிச்சம் வைத்தது.

"சாப்பாடு," என்றேன்.

"தண்டு எங்கே?"

தண்டு இல்லை. நேர்த்தியாக, நகத்தால் கிள்ளி எடுத்திருந்தது.

டாக்டரின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. "இல்லை," என்றார். "அவங்க இல்லை. பதினோரு வருஷமா என்கூட இருக்காங்க. எனக்கு ஜுரம் வந்தப்போ இந்தத் தொட்டிங்க பக்கத்துல படுத்துப் பாத்துக்கிட்டவங்க."

"அதனாலதான்னு நினைக்கறேன்," என்றார் அண்ணி.

* * *

தொட்டி அக்கா நறுக்கி முடித்திருந்தார். அண்ணி மேஜைக்குப் பக்கத்தில் போய் நின்றார். குரலை உயர்த்தவில்லை.

"அக்கா, நடுத்தொட்டியில ஏழுதான் இருக்கு. தட்டுல எட்டு பங்கு வச்சிருக்கீங்க. எட்டாவது யாருக்கு?"

தொட்டி அக்கா கையுறைகளைக் கழற்றினார். முதலில் இடது, பிறகு வலது. இரண்டையும் மடித்து மேஜையில் வைத்தார்.

"மாடிக்குப் போய்ட்டு வந்துட்டீங்களா?"

"போனோம்."

"சாப்பிட்டிருந்துச்சா?"

"பாதி."

"நேத்தெல்லாம் தொடவே இல்லை," என்றார். அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. அதன் பிறகுதான் டாக்டரைப் பார்த்தார். உடனே கண் கலங்கிவிட்டது.

"எட்டு மாசம் அக்கா!" என்றார் டாக்டர். "என் எட்டு மாசம்! ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"கேட்டா குடுத்திருப்பீங்களா?"

டாக்டர் பார்வையைத் தொட்டிகள் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இந்தத் தடவை கடல்லேர்ந்து புதுசா ஒண்ணுகூடக் கிடைக்கலை," என்றார் தொட்டி அக்கா. "இந்த இருபத்து நாலுதான் மிச்சம். நீங்க ஜெயிச்சா இன்னும் மருந்து வேணும்னு இதுங்களை அறுப்பீங்க. தோத்தா தொட்டியைக் காலி பண்ணுவாங்க. எப்படிப் பாத்தாலும் இதுங்களுக்கு இன்னியோட முடிஞ்சுது. கடுகு அளவு இருந்ததுலேர்ந்து கையில வச்சு வளத்தேன். ஒரே ஒரு தலைமுறை முட்டை வந்துட்டா வம்சம் தப்பிச்சுக்கும்னு தோணுச்சு. அந்த மருந்து எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? நான்தானே எல்லாத்தையும் பிடிச்சுக் குடுத்தேன்."

"எல்லாத்தையுமா போட்டீங்க?" என்று கேட்டார் அண்ணி.

"நேத்து மத்தியானம் ரெண்டே ரெண்டு ஊசி அளவுதான் எடுத்தேன்மா. திரும்ப வைக்கும்போது கை விறைச்சுக் குழாய் வழுக்கிடுச்சு. மிச்சமெல்லாம் தொட்டிக்குள்ள, பாத்திரம் கழுவற தொட்டிக்குள்ள கொட்டிப்போச்சு. பயத்துல தலைகால் புரியலை. பக்கத்துல இருந்த தண்ணியை ஊத்தி மூடிட்டேன். ராத்திரி பூரா சொல்லிடணும்னு நினைச்சேன். காலையில உங்க முகத்தைப் பாத்ததும் வாய் வரலை."

எனக்கு ஒரு நகைச்சுவைகூடத் தோன்றவில்லை.

டாக்டர் திடீரென்று நிமிர்ந்தார். "எத்தனை மணிக்குப் போட்டீங்க?"

தொட்டி அக்கா மேஜை இழுப்பறையிலிருந்து தீனிக் கணக்கு நோட்டை எடுத்துப் பின்பக்கத்தைத் திறந்தார். பென்சிலில், பள்ளிக்கூடப் பிள்ளையின் உருண்டைக் கையெழுத்தில்:

2.10 ஊசி. 2.24 நடையை நிறுத்திடுச்சு. 2.33 தலையைத் தூக்கி ஆட்டுது. 2.41 நூல் வருது. தண்ணி 13 டிகிரி. எடை போடலை, பாவம்.

டாக்டர் அதை ஒரு முறை படித்தார். மறுபடி படித்தார். கோபம் இருந்த இடத்தில் வேறு ஏதோ வந்துகொண்டிருந்தது.

"முப்பத்தோரு நிமிஷம்," என்றார். "தண்ணியோட வெப்பநிலைகூட எழுதியிருக்கீங்க."

"நீங்க எழுதுவீங்களே."

"ரெண்டு ஊசின்னு சொன்னீங்க," என்றார் அண்ணி. "ஒண்ணு மாடியில இருக்கறதுக்கு. இன்னொண்ணு?"

தொட்டி அக்கா மேஜைக்கு அடியில் இருந்து பிளாஸ்க் ஒன்றை எடுத்துத் திருகித் திறந்தார். உள்ளே பனிக்கட்டி. பனிக்கட்டிக்கு நடுவே, ஊசி ஒன்று, மூடி போட்டு, நிமிர்ந்து நின்றது.

சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்றேகால்.

* * *

குழுவில் மூன்று பேர். தலைவி, மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுக்கொண்டு அதைத் தேடுகிறவர். அவருக்கு இடப்பக்கம் நிமிடத்துக்கு ஒரு தரம் கைக்கடிகாரத்தைப் பார்க்கும் பேராசிரியர். வலப்பக்கம் ஆராய்ச்சிக்கூடத்தின் இயக்குநர்.

கோடித் தொட்டியில் இருந்துதான் எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாடித் தண்ணீரின் வாசனை படாத கடல்முயல் அது. நாளைக்கு யாரும் குறை சொல்ல முடியாது. அதைப் பிடித்துக்கொள்ளும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பிடித்தேன். சட்டையின் இன்னொரு கையும் ஊதாவானது.

டாக்டர் ஊசியை எடுத்தார். இருப்பது ஒரே ஊசி, சிந்தினால் போச்சு. ஒரு கணம் யோசித்தார். திரும்பி, கதவோரம் நின்றவரிடம் நீட்டினார்.

"அக்கா, நீங்க போடுங்க. உங்க கைதான் இதுக்குப் பழக்கம்."

தொட்டி அக்கா முன்னால் வந்தார். கடல்முயலின் முதுகை ஒரு விரலால் தடவினார். ஊசி உள்ளே போனதும் தெரியவில்லை, வெளியே வந்ததும் தெரியவில்லை. மணி நாலு பத்து.

இருபது நிமிடம் போனது. கடல்முயல் உல்லாசமாக உலாவியது. முப்பது நிமிடம். ஒரு பாசியைக் கடித்தது. பேராசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். முப்பத்தைந்து நிமிடம். இயக்குநர் இருமினார்.

"மேடம்," என்றார் தலைவி, "அரை மணி நேரம்னு எழுதியிருந்தீங்க."

"ஆமா."

"நாற்பது ஆகப்போகுது."

தலைவி கோப்பை மூடினார். பேராசிரியர் எழுந்தேவிட்டார். அப்போது தொட்டி அக்கா, யாரிடம் என்றில்லாமல், மெல்லச் சொன்னார்.

"கோடித் தொட்டி ரெண்டு டிகிரி அதிகக் குளிர். இது நிதானமாத்தான் யோசிக்கும்."

"இன்னும் எவ்வளவு நேரம் யோசிக்கும்?" என்றார் பேராசிரியர்.

கடல்முயல் நின்றது.

வாயில் இருந்த பாசியை நழுவவிட்டது. தலையைத் தூக்கியது. இடப்பக்கம் ஆட்டியது, வலப்பக்கம் ஆட்டியது. யாரோ கூப்பிட்ட குரலுக்குத் திரும்புவதுபோல மறுபடி இடப்பக்கம். பேராசிரியர் நின்ற நிலையிலேயே தொட்டியை நோக்கிக் குனிந்தார். தலைவி கண்ணாடியைத் தேடினார், கிடைக்கவில்லை, நான்தான் அவர் தலையைச் சுட்டிக்காட்டினேன்.

கழுத்துக்குப் பக்கத்தில் மஞ்சளாக ஒரு புள்ளி. புள்ளி நீண்டு இழையானது. கடல்முயல் அதை உதட்டால் வாங்கி, கண்ணாடியில் ஒட்டி, வளைத்து, மேலே இன்னொரு வளையம் வைத்து, அவசரமே இல்லாமல் பின்ன ஆரம்பித்தது.

தொட்டி அக்கா தன் நோட்டைப் பிரித்து, "4.53 நூல்" என்று எழுதினார்.

"இது மூணாவது தடவை," என்றார் டாக்டர். "ரெண்டாவது சோதனை நேத்து மாடியில நடந்துச்சு. செஞ்சது இவங்க. குறிப்பு இதோ இருக்கு."

"உங்க அனுமதியோடயா?" என்று இயக்குநர் கேட்டார்.

டாக்டர் வாயைத் திறப்பதற்குள் தொட்டி அக்கா முந்திக்கொண்டார். "இல்லைங்க. திருடித்தான் செஞ்சேன்." என்ன எடுத்தார், எப்படிக் கொட்டியது, எதை ஊற்றி மூடினார் என்று ஒன்று விடாமல் சொன்னார். நின்றுகொண்டே சொன்னார்.

தலைவி டாக்டரைப் பார்த்தார். "மருந்து எல்லாம் போச்சு. இன்னும் நானூறு வேணுமா?"

"ஒண்ணுகூட வேண்டாம். அந்தப் பெப்டைடுல எந்த மணிக்குப் பக்கத்துல எந்த மணி கோத்திருக்குன்னு எனக்குத் தெரியும். அந்த வரிசையைக் குடுத்தா எந்திரத்துலேயே கோத்துடலாம். வேலை செய்யற வரிசைதானான்னு நிரூபிக்காம நீங்க அதுக்கு அனுமதி தர மாட்டீங்கன்னுதான் இத்தனை நாள் காத்திருந்தேன்."

தொட்டி அக்காவுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது. "அப்போ இதுங்களை அறுக்க வேண்டாமா?"

"வேண்டாம் அக்கா."

தொட்டி அக்கா ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் உட்கார்ந்துவிட்டார். தலைவி கோப்பை மறுபடி திறந்து, கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

இயக்குநர் மட்டும் பேனாவும் கையுமாக நின்றார். "ஆராய்ச்சி தொடரட்டும். ஆனா தப்பு தப்புதான். ரெண்டு வாரம் சஸ்பெண்ட். நாளையிலேர்ந்து."

"நாளையிலேர்ந்து முடியாதே சார்," என்றார் டாக்டர். "மாடியில இருக்கற முட்டை பத்து நாள்ல பொரியும். தண்ணியை இவங்கதான் பாத்துக்கணும். வேற யாருக்கும் தெரியாது."

"சரி. பத்து நாள் கழிச்சு."

"பொரிஞ்சதும் கண்ணுக்கே தெரியாத குஞ்சுங்க. அஞ்சு வாரம் மிதக்கும். தினமும் தண்ணி மாத்தணும்."

"அஞ்சு வாரம் கழிச்சு?"

"அப்போதான் அடியில இறங்கிப் பாசி தின்ன ஆரம்பிக்கும்," என்றார் தொட்டி அக்கா வாளியில் இருந்தபடியே, மிகவும் வருத்தத்தோடு. "அதுக்கப்புறம் வர்ற ரெண்டு மாசம்தான் சார் ரொம்ப முக்கியம்."

இயக்குநர் சுவரில் இருந்த நாட்காட்டியிடம் போனார். பத்து நாள் எண்ணினார். அங்கிருந்து ஐந்து வாரம். ஒரு தாளைத் தூக்கினார். அடுத்த தாளைத் தூக்கினார். அதற்குக் கீழே வெறும் அட்டைதான் இருந்தது. சற்று நேரம் அந்த அட்டையையே பார்த்தவர், பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, முட்டையைப் பார்க்க மாடிக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கேட்டார்.